எபனேசர் அண்ணாச்சியின் சாட்சி

"டீச்சர், இந்த ஊருக்கு நல்ல போர்டே வராதா?"

காலையில் பட்டறைக்குள் நுழைந்ததும் எபனேசர் கேட்டது இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உலகம்மை டீச்சர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக வரவேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம்.

"எத்தனை போர்டு பாத்தீய, அண்ணாச்சி?"

"மூணு. ஆஸ்பத்திரி மெஷின்ல இருந்தது ஒண்ணு. நம்ம அலமாரில இருந்தது ஒண்ணு. மெட்ராஸ்லேருந்து பார்சல்ல வந்தது ஒண்ணு. மூணும் செத்துப்போச்சு."

"மூணுமா?"

"மூணும்."

டீச்சர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

"பாவம்" என்றார்.

யாரைச் சொன்னார் என்று எபனேசருக்கு விளங்கவில்லை. போர்டுகளைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அதுதான் அவருக்கு வசதியாக இருந்தது.

*

பாளையங்கோட்டையில் இருந்த அந்தப் பட்டறைக்குப் பழுதான சர்வர்கள் வரும். ஒரு ஆபீஸின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எந்தப் பெரிய மெஷினிடம் போய்க் கேட்டுக் கேட்டு வேலை பார்க்கின்றனவோ, அதுதான் சர்வர். அது படுத்தால் ஆபீஸே படுத்துவிடும். அதன் உள்ளே மற்றப் பாகங்களையெல்லாம் தாங்கிக்கொண்டிருக்கும் பெரிய தகடுதான் போர்டு.

டீச்சருக்கு வயது நாற்பது. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். வேலையை விட்டபோது பாடம் நடத்துவதையும் சேர்த்தே விட்டுவிட்டார். டீச்சர் என்ற பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

மாணவர் எபனேசருக்கு ஐம்பத்தைந்து. பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஆலை மூடிய பிறகு இங்கே வந்து சேர்ந்தார். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைப்பார். எதையும் துடைத்து வைப்பார். துடைத்ததையே இன்னொரு தடவை துடைப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பழுது பார்க்கத் தன்னைத் தனியாக அனுப்பவேண்டும்.

"எப்ப டீச்சர் தனியா அனுப்புவீய?"

"அனுப்பலாம்."

"எப்ப?"

டீச்சர் அடுத்த மெஷினின் மூடியைக் கழற்றப் போய்விடுவார்.

*

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு.

புதிதாகச் சேர்கிறவருக்கு டீச்சர் ஒரு மெமரிக் குச்சி கொடுப்பார். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஒல்லியான பச்சைத் தகடு. நன்றாக வேலை செய்கிறது என்று கண்ணெதிரில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அதற்குப் பெயர் சாட்சி.

மெமரி கெட்டால் மெஷின் எழாது. கூவும். போர்டு கெட்டாலும் சில நேரம் அப்படித்தான் கூவும். குற்றவாளி யார் என்று தெரியவேண்டும். மெஷினின் மெமரியைக் கழற்றிவிட்டு, சாட்சியைப் போடுவார்கள். மெஷின் எழுந்தால் கெட்டது அதன் மெமரி. அப்போதும் கூவினால் கெட்டது போர்டு. வழக்கு அதோடு முடிந்தது.

எபனேசர் தன் சாட்சியைச் சட்டைப்பையில், நெஞ்சோடு வைத்திருந்தார். ஒரு டெரிலின் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். வேறு யாரும் தொட விடமாட்டார்.

டீச்சரிடமும் ஒரு சாட்சி இருந்தது. தினமும் காலையில் வந்ததும், டீ வருவதற்கு முன்னால், மூலையில் கிடக்கும் கிழட்டு மெஷின் ஒன்றில் அதைச் செருகுவார். மெஷின் எழும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எழுந்ததும் அணைத்துவிட்டு, சாட்சியைக் கழற்றி டப்பாவில் வைப்பார்.

ஒரு வார்த்தை பேசமாட்டார். கடையைத் திறந்ததும் சாமி படத்துக்கு விளக்கேற்றுவார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று எபனேசர் நினைத்துக்கொண்டார். பார்க்க அழகாக இருந்தது. தானும் ஏதாவது செய்யவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது.

அதனால் தினமும் அதே நேரத்தில் தன் சாட்சியை எடுத்து, கைக்குட்டையால் அழுத்தித் துடைப்பார். முன்பக்கம், பின்பக்கம், பொன்னிறப் பற்கள் எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். மறுபடி சுற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

இப்படியே வருஷங்கள் போயின.

*

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே சர்வர் படுத்துவிட்டது. எந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸ் என்ற அளவெல்லாம் அதன் வயிற்றில்தான் இருந்தது. கண்ணில் மருந்து விட்டுக் காத்திருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று.

டீச்சர் அன்றைக்கு ஒரு நூல் ஆலையில் மாட்டிக்கொண்டார். போனில் எபனேசரைக் கூப்பிட்டார்.

"மெஷினைத் தூக்கிட்டு வந்திருங்க. அங்கன ஒண்ணும் சொல்லாதீங்க."

எபனேசர் போனார். மெஷினைத் தூக்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுற்றிலும் ஏழெட்டுப் பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனியாக வந்திருக்கிற நாள். அப்படி ஒரு கூட்டம் தன் வாயைப் பார்த்து நிற்பது அவர் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்ததில்லை.

சாட்சியை எடுத்துப் போட்டார். மெஷின் கூவியது.

"போர்டு போச்சு" என்றார்.

"நிச்சயமா?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி நிர்வாகி. அரியநாயகம் என்று பெயர், ஓய்வுபெற்ற தாசில்தார்.

"சாட்சி பொய் சொல்லாது, சார்."

"போர்டு எப்படிப் போகும்?"

"யாராவது திறந்து ஏதாவது செஞ்சிருக்கணும்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சுடலைமணி. ஒப்பந்த வேலைக்காரர்.

"நான்தான் சார் திறந்தேன். தூசி அடைஞ்சிருந்துச்சு. ஊதுற மெஷினை வெச்சு ஊதிவிட்டேன். முந்தாநாள்."

யாரும் கேட்காமல் அவராகவே சொன்னார். அதற்குக் கிடைத்த பரிசு, அன்று மாலையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்ற உத்தரவு. விசாரணை முடிந்துதான் மேற்கொண்டு பேச்சு என்றார் அரியநாயகம். விசாரணைக்கு எபனேசரும் நேரில் வந்து, போர்டு எப்படிக் கெட்டது என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும்.

அந்த விசாரணை நாளைக்கு.

*

"மெஷினைத் திறங்க" என்றார் டீச்சர், ஆரஞ்சு தீர்ந்த பிறகு.

எபனேசர் மூடியைக் கழற்றினார். உள்ளே மூன்றாவது போர்டு, மெட்ராஸ் போர்டு, இருந்தது.

"எடுங்க."

எபனேசர் ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்தார். ஸ்விட்சைப் போட்டார். கூவியது.

"எடுங்க."

நெட்வொர்க் கார்டை எடுத்தார். கூவியது.

"எடுங்க."

இரண்டில் ஒரு பவர் சப்ளையை எடுத்தார். இரண்டில் ஒரு பிராசஸரை எடுத்தார். எடுக்க எடுக்க மெஷின் இளைத்துக்கொண்டே வந்தது. கூவல் மட்டும் இளைக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது போர்டு, ஒரு பிராசஸர், அதன் மேல் விசிறி, ஒரு பவர் சப்ளை, எபனேசரின் சாட்சி. அவ்வளவுதான். மெஷினின் சொந்த மெமரிக் குச்சிகள் நான்கும் முதல் நாளே கழற்றப்பட்டு ஒரு தட்டில் கிடந்தன. சாட்சியே எழுப்பாத மெஷினை அவை எங்கே எழுப்பப்போகின்றன என்று எபனேசர் அவற்றைச் சீண்டவே இல்லை.

"இன்னும் எடுங்க."

"இதுக்கு மேல எடுத்தா மெஷினே கிடையாது, டீச்சர்."

"இன்னும் இருக்கு."

"என்ன இருக்கு?"

டீச்சர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். ஒரு காலேஜில் ஏதோ படுத்துக் கிடப்பதாகச் சொல்லிப் பையைத் தோளில் மாட்டினார்.

"சாயங்காலம் வாரேன்."

வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

எபனேசருக்குக் கோபம் வந்தது. பேரப்பிள்ளை எடுத்த வயதில் ஒருத்தரைப் போட்டு விடுகதை கேட்பது என்ன நியாயம்? பதிலைச் சொன்னால் பட்டறை என்ன இடிந்தா விழும்?

போர்டைப் பார்த்தார். போர்டும் அவரைப் பார்த்தது.

*

மதியத்துக்கு முன் சுடலைமணி வந்தார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"அண்ணாச்சி, நான் சிபாரிசு கேட்டு வரல."

"உள்ள வாங்க."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் ஊதினதுலதான் போச்சா?"

எபனேசர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"போச்சுன்னா போச்சுன்னு சொல்லிருங்க. ஒத்துக்கிடுதேன். தெரியாமத்தான் இருக்க முடியல. வீட்ல பிள்ளை பலூன் ஊதினாக்கூட எந்திரிச்சு வெளிய போயிருதேன், அண்ணாச்சி."

எபனேசர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். சுடலைமணி உட்காரவில்லை.

"உங்க போர்டு போச்சு. அது சரி" என்றார் எபனேசர். "ஆனா புதுசா போட்ட போர்டும் போச்சு. அதுக்கு அப்புறம் போட்டதும் போச்சு. இது ரெண்டையும் நீங்க ஊதல."

"அப்ப?"

"அதான் தெரியல. டீச்சர் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன். இன்னும் எடுக்கணுமாம். எதை எடுக்க?"

சுடலைமணி மேஜைப் பக்கம் வந்தார். தான் ஐந்து வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் துடைத்த மெஷின் எலும்பும் தோலுமாகக் கிடப்பதைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டுவிடுவோமோ என்று பயம்.

"இந்த விசிறி எங்களோடது."

"ஆமா."

"பிராசஸரும் எங்களோடதா?"

"ஆமா."

"இந்த மெமரி? இதை நான் பாத்ததில்லையே. யாரோடது?"

"என்னோடது."

"அப்ப அது இந்த மெஷினோடது இல்லையா?"

"அது சாட்சி!" என்றார் எபனேசர். குரல் அவரை அறியாமல் உயர்ந்துவிட்டது. "அதை வெச்சுத்தான் மத்ததைப் பாக்கிறது."

"சரி அண்ணாச்சி. எனக்கு என்ன தெரியும்" என்று சுடலைமணி பின்வாங்கிக்கொண்டார்.

எபனேசர் மறுபடி போர்டைப் பார்த்தார். விசிறி, பிராசஸர், சாட்சி.

இன்னும் இருக்கு.

வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு, வீட்டுப் பெரியவரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போகிறவர்போல, சாட்சியை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

தட்டில் கிடந்த நான்கு குச்சிகளில் ஒன்றை எடுத்துச் செருகினார். ஸ்விட்சைப் போட்டார்.

கூவியது.

"பாத்தீயளா?" என்றார். அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. சொல்ல வெட்கமாக இருந்தாலும் நிம்மதிதான்.

அதைக் கழற்றிவிட்டு இரண்டாவதைச் செருகினார்.

மெஷின் கூவவில்லை. விசிறி ஒரு தடவை உறுமி அடங்கியது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக வந்தன.

மூன்றாவதைப் போட்டார். எழுந்தது. நான்காவது. எழுந்தது.

மெட்ராஸ் போர்டைக் கழற்றினார். அலமாரி போர்டை மாட்டினார். எழுந்தது. அதையும் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போர்டையே மாட்டினார். செத்துப்போனது என்று ஏழெட்டுப் பேர் முன்னால் அவர் சொன்ன போர்டு.

அதுவும் எழுந்தது.

"அப்ப நான் ஊதினது?" என்றார் சுடலைமணி.

"போர்டுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு மெமரி செத்திருக்கு. நாலு மேலயும்தான ஊதினீய, மத்த மூணும் நல்லாத்தான இருக்கு. இது வயசாகிச் செத்திருக்கு. அவ்வளவுதான்."

சுடலைமணி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அழுகிறாரா என்று எபனேசர் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை.

சாட்சியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். டீச்சரின் கிழட்டு மெஷினில் செருகினார். தினமும் காலையில் தவறாமல் எழுகிற மெஷின் அது.

கூவியது.

கழற்றிவிட்டு மறுபடி செருகினார். கூவியது.

ஒரு நல்ல போர்டைச் செத்தது என்று சொல்லி, ஒரு நல்ல மனுஷனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார் எபனேசர். மெஷின் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது. அணைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சுடலைமணிதான் எழுந்து வந்து ஸ்விட்சை அணைத்தார்.

*

சாயங்காலம் டீச்சர் வந்தார்.

"எடுத்துட்டேன்" என்றார் எபனேசர்.

டீச்சர் மேஜையைப் பார்த்தார். தனியாகக் கிடந்த சாட்சியைப் பார்த்தார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா, டீச்சர்?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு இன்னும் எடுங்கன்னு சொன்னீய?"

"இன்னும் இருந்துச்சு."

எபனேசர் சாட்சியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ போட்டதில்ல. தண்ணி பட்டதில்ல. பிள்ளையைப் பாக்கிற மாதிரி பாத்தேன். எப்படி டீச்சர் கெடும்?"

"எப்படிப் பாத்தீய?"

எபனேசர் கைக்குட்டையை எடுத்தார். தினமும் துடைப்பதுபோல் சாட்சியை அழுத்தித் துடைத்துக் காட்டினார். முன்பக்கம், பின்பக்கம், பற்கள்.

டீச்சர் கையை நீட்டி அந்தக் கைக்குட்டையை வாங்கினார். ஒரு பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து, பொடிப்பொடியாக்கி மேஜையில் போட்டார். கைக்குட்டையைத் தன் தலைமுடியில் நாலு தேய்ப்புத் தேய்த்து, காகிதத் துண்டுகளுக்கு மேலே பிடித்தார்.

துண்டுகள் துள்ளி எழுந்து கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டன.

எபனேசர் அதையே பார்த்தார். அந்தத் துணியில் பிறக்கும் பொடி மின்சாரம் மனுஷனுக்கு உறைக்காது. ஆனால் மெமரித் தகட்டுக்கு அது இடி விழுவதுபோல. தினம் ஒரு இடி, அவர் கையாலேயே, அதுவும் பக்தியோடு.

"சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார்.

"என்னத்தை?"

"சாட்சியையும் சோதிக்கணும்னு."

"தினமும் உங்க முன்னாலதான சோதிச்சேன்."

"அது சோதனையா? நான் சாமி கும்பிடுதீயன்னு நினைச்சேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒட்டியிருந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார்.

"நீங்க தினமும் துடைக்கிறதை நானும் பாத்தேன், அண்ணாச்சி" என்றார். "சோதிச்சு முடிச்சுட்டு, பத்திரமா எடுத்து வைக்கீயன்னு நினைச்சேன். கிட்ட வந்து ஒரு நாள் பாத்திருக்கணும். பாக்கல."

இத்தனை வருஷத்தில் டீச்சர் இவ்வளவு நீளமாகப் பேசி எபனேசர் கேட்டதில்லை. அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

"எப்பலேருந்து கெட்டிருக்கும் டீச்சர்?"

டீச்சர் சுவரோரம் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பினார்.

கீழ்த்தட்டில், எபனேசர் செத்தது என்று தீர்ப்புச் சொன்ன போர்டுகள் அடுக்கியிருந்தன. தட்டு பாதிதான் நிரம்பியிருந்தது. மீதிப் பாதியைப் பழைய சாமான்காரர் ஏற்கெனவே சாக்கில் கட்டி எடுத்துப் போயிருந்தார்.

எபனேசர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருந்த போர்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆஸ்பத்திரி மெமரியைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். சில எழுந்தன. சில எழவில்லை. எழுந்தபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. எழாதபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது டீச்சர் ஒரு புதுக் குச்சியை அவர் பக்கம் நகர்த்தினார். மின்சாரம் அண்டாத உறையில் போட்டிருந்தது.

"உங்க சாட்சி."

எபனேசர் எடுத்துக்கொண்டார். சட்டைப்பைக்குக் கை போகவில்லை. மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

*

மறுநாள் காலையில் எபனேசர்தான் முதலில் வந்தார். டீச்சர் வந்தபோது கிழட்டு மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே அவருடைய புதுச் சாட்சி.

"என்ன அண்ணாச்சி, நான் குடுத்ததாச்சே. நம்பலையா?"

எபனேசர் திரும்பவில்லை.

"எழட்டும் டீச்சர். பொறவு பேசலாம்."

மெஷின் எழுந்தது. அணைத்தார். கழற்றி உறையில் போட்டார்.

டீச்சர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தார். நகத்தால் கீறினார்.

"ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு" என்றார்.

"நீங்க வரலையா?"

"நான் எதுக்கு?"

மெஷினை ஆட்டோவில் ஏற்றி, ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகுதான் எபனேசருக்கு உறைத்தது. பழுது பார்க்கத் தன்னைத் தனியாக அனுப்பிவிட்டார் டீச்சர். இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, கிடைத்த அன்றைக்குக் கவனிக்கவே இல்லை.

*

விசாரணை அரியநாயகத்தின் அறையில் நடந்தது. சுடலைமணி சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

"சொல்லுங்க" என்றார் அரியநாயகம். "ஊதினதுலதான போர்டு போச்சு?"

"போர்டு போகல, சார். ஒரு மெமரிதான் போயிருக்கு. சுடலைமணி மேல ஒரு தப்பும் கிடையாது. நான்தான் தப்பாச் சொன்னேன்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அரியநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு வந்து போர்டு போச்சுன்னு சொன்னதும் நீங்கதான். இன்னைக்கு வந்து போகலைன்னு சொல்றதும் நீங்கதான். நான் எதை நம்ப?"

நியாயமான கேள்வி. வழியெல்லாம் எபனேசர் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"என்னை நம்பாதீங்க சார். வந்து பாருங்க."

எல்லாரும் சர்வர் அறைக்குப் போனார்கள். மெஷினை மேஜையில் வைத்து எபனேசர் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"சுடலைமணி, நீங்க போடுங்க. ஒரு தடவைக்கு ஒண்ணு."

சுடலைமணி முதல் குச்சியைச் செருகினார். மெஷின் கூவியது. அதைக் கழற்றி இரண்டாவதைச் செருகினார். எழுந்தது. மூன்றாவது எழுந்தது. நான்காவது எழுந்தது.

"இன்னொண்ணு இருக்கு" என்று எபனேசர் கைக்குட்டையைப் பிரித்தார்.

சுடலைமணி தயங்கினார்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. அதான் தெரிஞ்சுபோச்சே."

"போடுங்க."

போட்டார். அறை முழுக்கக் கேட்கும்படி மெஷின் கூவியது.

"இது யாரோடது?" என்று கேட்டார் அரியநாயகம்.

"என்னோடது சார். இதை வெச்சுத்தான் அன்னைக்குத் தீர்ப்புச் சொன்னேன்."

அரியநாயகம் அந்தக் குச்சியையும் எபனேசரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கடுமையாகச் சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சுடலைமணி பக்கம் திரும்பினார்.

"வெளிய கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு ஆள் காத்திருக்கு. சீக்கிரம் மாட்டி முடிச்சு, உன் சீட்ல போய் உக்காரு."

சுடலைமணி உடனே நகரவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று எபனேசரைப் பார்த்தார். எபனேசர் தலையசைத்ததும் வேலையில் இறங்கினார்.

செத்த மெமரிக்குப் பதில் வேறொன்று போடவேண்டியிருந்தது. எபனேசர் பட்டறையிலிருந்து கொண்டு வந்ததைப் போட்டார்கள். எல்லாவற்றையும் இருந்த இடத்தில் மாட்டி, மூடியை மூடினார்கள். மெஷின் எழுந்தது. ரிசப்ஷனில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

*

வாசல்வரை சுடலைமணி கூடவே வந்தார். எபனேசரின் பையை வாங்கி அவரே சுமந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

பழைய சாட்சியை எபனேசர் குப்பைத் தொட்டியில் போடப் போனார். சுடலைமணி தடுத்தார்.

"எனக்குக் குடுங்க அண்ணாச்சி."

"இதை வெச்சு என்ன செய்யப்போறீய?"

"சும்மா. மேஜைல கிடக்கட்டும்."

எபனேசர் கொடுத்துவிட்டார். கைக்குட்டையைக் கொடுக்கவில்லை. அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அதற்குத்தான் லாயக்கு.

ஆட்டோ வந்து நின்றது. பையை உள்ளே வைக்கும்போது, உறையில் இருந்த புதுக் குச்சி சுடலைமணியின் கண்ணில் பட்டது.

"இதுதான் புதுச் சாட்சியா?"

"ஆமா."

"இது நல்லதுதான, அண்ணாச்சி?"

எபனேசர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

"காலைல நல்லா இருந்துச்சு" என்றார்.